சிங்கப்பிடரிக் காளான்: சாப்பிடலாமா, வளர்க்கலாமா, பணம் போடலாமா?

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் குடில் போட்டு மூன்று வருஷமாகச் சிப்பிக் காளான் வளர்க்கிறார். மாமியாருக்கு 71 வயது. ஒரு வருஷமாக மறதி கூடிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடுகிறார், பேரனைத் தன் தம்பி பெயரில் கூப்பிடுகிறார். கணவரின் நண்பர் ஒருவர் 'லயன்ஸ் மேன்' என்ற காளானில் செய்த மாத்திரை என்று ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். 60 மாத்திரை, ஒன்றில் 500 மில்லிகிராம் தூள், விலை 1,800 ரூபாய். தினமும் இரண்டு சாப்பிட்டால் ஞாபகம் திரும்பிவிடும் என்றாராம்.

அதோடு நிற்கவில்லை. அதே நண்பர், ஒரு நிறுவனம் இந்தக் காளானை விவசாயிகளிடம் கொடுத்து வளர்க்கச் சொல்கிறது, ஒன்றரை லட்சம் முன்பணம் கட்டினால் வித்துப் போட்ட 500 பைகள் தருவார்கள், விளைந்ததை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரியை அப்படியே தருகிறேன்: "என் சங்கிலியை அடகு வைத்தால்தான் அந்தப் பணம் வரும். அவர் வைக்கலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் ஐயா?"

கடிதத்தைப் படித்ததும் சகோதரிக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் என்று. காரணத்தை இங்கே விவரமாக எழுதுகிறேன். கடந்த ஆறு மாதத்தில் இதே காளானைப் பற்றி இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காளான் ஏமாற்று வேலை இல்லை. நல்ல உணவு. உலகத்தில் பல இடங்களில் காலம்காலமாகச் சாப்பிடுகிறார்கள். நம்மிடம் விற்க வருகிறவர்கள் அந்த உண்மையைத்தான் முன்னால் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் எது உண்மை, எது அதன் மேல் ஏற்றிச் சொன்னது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாம் வளர்க்கும் சிப்பிக் காளானைத் திருப்பிப் பார்த்தால் அடியில் புத்தகத் தாள் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். காளானின் விதைத்தூள் அங்கிருந்துதான் உதிர்கிறது. சில வகைக் காளான்களுக்கு மடிப்பு கிடையாது. அந்த இடத்தில் பல் போல, முள் போலத் தொங்கும். விதைத்தூள் அந்த முள்ளின் மேல்பரப்பிலிருந்து உதிரும். இவற்றைப் பொதுவாகப் பல் காளான்கள் என்று சொல்லலாம். சிங்கப்பிடரிக் காளான் அதில் ஒன்று. இதற்குக் குடையும் இல்லை, சொல்லும்படியான காம்பும் இல்லை. மரத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு பந்து. அந்தப் பந்திலிருந்து வெள்ளை முட்கள் நூல் நூலாகக் கீழ்நோக்கித் தொங்கும். முள் என்றதும் குத்தும் என்று நினைக்க வேண்டாம், தொட்டால் மெத்தென்று இருக்கும். இதன் அறிவியல் பெயர் ஹெரிசியம் எரினேசியஸ். அதில் எரினேசியஸ் என்பது முள்ளெலியைக் குறிக்கும் லத்தீன் சொல். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டில் முள்ளெலி சுருண்டு கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் சட்டென்று புரியும்.

இது வளரும் இடம் ஓக், பீச், வால்நட், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்கள் உள்ள குளிர்ந்த காடு. ஜப்பான், வடகிழக்குச் சீனா, ஐரோப்பா, வட அமெரிக்கா. அங்கே கோடை முடிந்து இலை உதிரும் பருவத்தில், வயதான மரத்தில் கிளை ஒடிந்த காயத்திலோ பட்டுப்போன தண்டிலோ வெளியே வரும். சீனாவில் இதற்குக் 'குரங்குத் தலை' என்று பெயர். அந்தக் காட்டு ஜனங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இந்தக் காளான் தனியாக வராது, ஒரு மரத்தில் ஒன்று கண்டால் எதிர் மரத்தில் அதைப் பார்த்தபடி இன்னொன்று இருக்கும் என்பார்கள். ஜப்பானில் இதன் பெயர் யமபுஷிதாகே. யமபுஷி என்பவர்கள் மலையில் தவம் செய்யும் துறவிகள். அவர்கள் மார்பில் அணியும் பட்டையில் பஞ்சு உருண்டை போலக் குஞ்சங்கள் தொங்கும். காளானைப் பார்த்ததும் அந்தக் குஞ்சம் நினைவுக்கு வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இது மிகவும் அரிது. 1981-ம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனமாக வைத்திருக்கிறார்கள். அங்கே காட்டில் இதைப் பறிப்பது குற்றம். கடையில் கிடைப்பதெல்லாம் வளர்த்தது. பழைய மரங்கள் போனால் இந்தக் காளானும் போய்விடும் என்பதுதான் காரணம்.

ஐரோப்பாவில் இன்னொரு பல் காளானும் சமையலுக்குப் பெயர் பெற்றது. அதற்குக் குடையும் காம்பும் உண்டு, குடையின் அடியில் மட்டும் குட்டை முட்கள் இருக்கும். பிரான்ஸ் சந்தைகளில் 'ஆட்டுக்கால்' என்று பொருள்படும் பெயரில் விற்கிறார்கள். அது உயிருள்ள மரத்தின் வேரோடு பிணைந்து வாழ்வதால் பையில் வைத்து வளர்க்க வராது. யாராவது அதன் வித்து தருகிறேன் என்று வந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சிங்கப்பிடரி அப்படியில்லை. அது மரக்கட்டையைத் தின்று வாழ்வது. அதனால் மரத்தூளில் வளர்க்க முடியும். சீனாவில் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். உலகச் சந்தையில் கிடைக்கும் காய்ந்த காளானில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

இனி மருந்து விஷயத்துக்கு வருகிறேன்.

சீனாவில் இது பழங்காலம்தொட்டு வயிற்றுக்கு நல்லது என்று சாப்பிட்டு வந்த பொருள். இன்றைக்கும் வயிற்றுப்புண், இரைப்பை அழற்சிக்கு இந்தக் காளானில் செய்த மாத்திரை அங்கே மருந்துக்கடையில் கிடைக்கிறது. மூளைக்கு நல்லது என்ற பேச்சு 1990-களில்தான் கிளம்பியது. ஜப்பானைச் சேர்ந்த ஹிரோகாசு கவாகிஷி என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் 1991-ல் இந்தக் காளானிலிருந்து ஹெரிசினோன் என்ற பொருட்களையும், 1994-ல் காளானின் வெள்ளை இழையிலிருந்து எரினசின் என்ற பொருட்களையும் பிரித்தெடுத்தார்கள். நரம்பு வளர உதவும் ஒரு புரதத்தைச் செல்கள் கூடுதலாகச் சுரக்க இவை தூண்டுகின்றன என்று ஆய்வகக் கண்ணாடித் தட்டில் தெரிந்தது. கண்ணாடித் தட்டில் தெரிவது மனிதனிடம் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. வேப்பெண்ணெய் தட்டில் எத்தனை பூச்சியைக் கொல்கிறது, வயலில் எத்தனையைக் கொல்கிறது என்று நமக்கே தெரியும்.

மனிதரிடம் செய்த ஆய்வுகளில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2009-ல் ஜப்பானிலிருந்து வெளிவந்தது. 50 முதல் 80 வயது வரை உள்ள, லேசான ஞாபகக் குறைவு உடைய 30 பேர். பாதிப் பேருக்குக் காளான் தூள் மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரித் தோற்றமுள்ள வெற்று மாத்திரை. மொத்தம் 16 வாரம். காளான் சாப்பிட்டவர்கள் ஞாபகச் சோதனையில் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். நிறுத்தி 4 வாரம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் மதிப்பெண் திரும்ப இறங்கிவிட்டது.

இது நம்பிக்கை தரும் முடிவு. மறுக்கவில்லை. ஆனால் 30 பேர்தான். அதிலும் லேசான குறைவு உள்ளவர்கள்தான், முற்றிய மறதிநோய்க்காரர்கள் இல்லை. 30 செடியில் ஒரு மருந்தை அடித்துப் பார்த்துவிட்டு மாவட்டம் முழுக்கப் பரிந்துரை செய் என்று என்னிடம் சொன்னால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அந்த ஆய்வில் கொடுத்த அளவையும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 கிராம் காய்ந்த காளான் தூள். சகோதரியின் டப்பாவில் ஒரு மாத்திரை அரை கிராம். தினமும் இரண்டு என்றால் 1 கிராம்தான், ஆய்வில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. அதே அளவு வேண்டுமானால் தினமும் ஆறு மாத்திரை, ஒரு டப்பா 10 நாளில் தீர்ந்துவிடும். 16 வாரத்துக்கு 11 டப்பாவுக்கு மேல் வேண்டும். 1,800 வீதம் கணக்குப் போட்டால் 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே 3 கிராம் தூள் என்பது சுமாராக 30 கிராம் பச்சைக் காளான், ஒரு கைப்பிடிகூட இல்லை. அந்தக் கைப்பிடிக்குத்தான் இத்தனை செலவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ஆய்வில் கொடுத்தது முழுதாக விளைந்த காளானின் தூள். சந்தையில் வரும் பல பொடிகள் அப்படியில்லை. தானியத்தில் காளான் இழையைப் பரவவிட்டு, தானியத்தோடு சேர்த்தே காயவைத்து அரைத்துவிடுகிறார்கள். அதில் பாதிக்குமேல் மாவுச்சத்தாகவே இருக்கக்கூடும். நம் காளான் வித்துப் பாட்டிலில் சோளத்தின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்குமே, அதைக் காயவைத்துப் பொடி செய்து காளான் என்று விற்றால் எப்படி இருக்கும்? அதுதான். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். விளைந்த காளானா, இழையா, தானியம் சேர்ந்ததா என்று எழுதியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். சகோதரி அனுப்பிய படத்தில் இரண்டும் இல்லை.

மாமியார் விஷயத்தில் நான் மருத்துவன் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உறுதியாகச் சொல்லலாம். வயதானவர்களின் மறதி எல்லாமே ஒரே நோய் இல்லை. வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வரும். தைராய்டு குறைந்தாலும் வரும். மனச்சோர்வாலும், தூக்கத்துக்கும் வேறு நோய்களுக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளாலும் வரும். காது மந்தமாகிவிட்டால்கூட மறதி மாதிரியே தெரியும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும், அதுவும் சீக்கிரம் பார்த்தால். மாத்திரை டப்பாவை நம்பி நாலு மாதம் காத்திருந்தால் போகிறது 20,000 ரூபாய் மட்டும் இல்லை, அந்த நாலு மாதமும்தான். முதலில் அம்மாவை மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், இந்தக் காளான் டப்பாவையும் சேர்த்து. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்தத் தூளை மருத்துவரிடம் சொல்லாமல் தொட வேண்டாம்.

அடுத்து, வளர்ப்பு.

நான்கு வருஷத்துக்கு முன் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு விவசாயி சிறிய அறையில் இதை வளர்த்துக்கொண்டிருந்தார். ஆசையாகப் பார்த்ததால் ஒரே நாளில் வித்திட்ட இரண்டு பைகளை எனக்கென்று ஒதுக்கினார். ஒன்றை அவர் அறையிலேயே விட்டுவிட்டு, மற்றொன்றை பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மார்ச் மாதம். குளியலறை மூலையில் ஈரச் சாக்கு கட்டி, நாளைக்கு ஆறு தடவை தண்ணீர் தெளித்தேன். வேளாண் பட்டம் வாங்கியவன், முப்பது வருஷ அனுபவம், ஒரு பைக்கா வழி தெரியாது என்ற நினைப்பு. மேலே இருந்த பையில் சின்னத் தேங்காய் அளவுக்குப் பால் வெள்ளையில் பந்து வந்தது. என் பையில் வந்தது பவளப்பூண்டு மாதிரி கிளைகிளையாகப் பிரிந்த ஒன்று. முள்ளே சரியாக இறங்கவில்லை. நாலாம் நாள் பழுப்பு தட்டி, ஆறாம் நாள் பிசுபிசுத்துவிட்டது. என் மனைவி அதைத் தென்னை மரத்தடியில் போட்டார்.

காரணம் எளிது. இந்தக் காளான் மொட்டு விட்டு விளைய 18 முதல் 24 டிகிரி வரை வெப்பம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 முதல் 95 சதம். அதோடு நல்ல காற்றோட்டம். காற்று தேங்கினால், காளான் விடும் மூச்சுக்காற்றே சேர்ந்து, பந்து கட்டாமல் கிளையாகப் போய்விடும். ஈரமும் குறையக் கூடாது, காற்றும் ஓட வேண்டும். ஓலைக் குடிலில் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது சிரமம். ஒட்டன்சத்திரத்தில் சித்திரை மாத வெயிலுக்கு அந்தக் குடிலுக்குள் 24 டிகிரி கொண்டுவர வேண்டுமானால் ஏசி அறைதான் கட்ட வேண்டும். முன்பணம் கேட்கிறவர்கள் கணக்கில் அந்த அறையும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை.

சிப்பிக் காளான் வளர்க்கிறவர்களுக்கு இன்னொரு வித்தியாசம். நாம் வைக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். இதற்குப் பிசின் இல்லாத மரத்தின் தூளோடு கோதுமைத் தவிடு சேர்ப்பார்கள். தவிடு சேர்ந்த இடத்தில் பச்சைப் பூசணம் ஓடிவரும். கொதிநீர் போதாது. ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் 121 டிகிரியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, தூசி இல்லாத அறையில் வித்துப் போட வேண்டும். இதனால்தான் வித்துப் போட்ட பையாகவே தருகிறோம் என்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அப்போது ஒவ்வொரு தடவையும் அவர்களிடமே பை வாங்க வேண்டியிருக்கும். விலையும் அவர்கள் கையில்.

'திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஈமு கோழி ஞாபகம் வந்துவிடுகிறது. 2012-ல் கொங்குப் பக்கத்தில் அந்தத் தொழில் கவிழ்ந்தபோது என் மைத்துனர் கொட்டகையிலும் பறவைகள் நின்றன. மாதாமாதம் வந்த பணம் நின்றது, பிறகு தீவன வண்டி நின்றது. அந்த நெட்டைக் கழுத்துகள் வேலிக்கு மேலாக நம்மையே பார்க்கும். சேர்வதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தார். நான், உறவுக்காரரிடம் ஏன் பொல்லாப்பு என்று, "யோசித்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன். இந்த மாதிரிக் கடிதத்துக்கு இப்போது நான் வளைத்துப் பேசாமல் பதில் எழுதுவது அதனால்தான்.

அந்த நிறுவனத்தை நான் அறியேன். நேர்மையானவர்களாகவே இருக்கலாம். அப்படியானால் சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதில் அவர்களுக்குக் கஷ்டம் இருக்காது. விளைந்த காளானை அவர்கள் யாருக்கு விற்கிறார்கள்? போன வருஷம் வாங்கிய விவசாயிகள் யார், நேரில் போய்ப் பார்க்கலாமா? தரம் குறைந்தால் எடுக்கமாட்டோம் என்று எழுதியிருக்கிறதா, தரம் என்றால் என்ன? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இந்தக் காளான் கை பட்டாலே நசுங்கி மஞ்சளாகும். பறித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதே பெரிது. 'மஞ்சள் படிந்தால் எடுக்கமாட்டோம்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், வெயில் காலத்தில் உங்கள் விளைச்சல் முழுவதையும் சட்டப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். முன்பணம் திரும்பி வருமா என்ற வரியையும் தேடிப்பாருங்கள்.

சகோதரிக்கு ஆசை இருந்தால் அதைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. மார்கழி, தை மாதத்தில் பத்தே பத்துப் பை, சொந்தக் காசில், அடகு இல்லாமல் வைத்துப் பார்க்கட்டும். அந்தப் பத்தில் கிடைத்ததை உள்ளூரில் யாராவது காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று பார்க்கட்டும். வெயில் காலத்துக்கு அவர் குடிலுக்கு ஏற்றது பால் காளான். 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் அதுதான் சந்தோஷமாக விளையும். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் வெயிலுக்காகவே வெளியிட்ட காளான் அது. ஏற்கெனவே சிப்பிக் காளானுக்கு வீடு தேடி வரும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அவர்களே பால் காளானும் வாங்குவார்கள்.

போனில் பேசும்போது சகோதரி கடைசியாக ஒன்று கேட்டார். "மருந்தாக வேண்டாம் சார், கொடைக்கானல் போகும்போது பச்சையாகக் கிடைத்தால் அத்தைக்கு ஒரு தடவை சமைத்துக் கொடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம். அதன் சமையல் நம் சிப்பிக் காளானிலிருந்து கொஞ்சம் மாறும். வெள்ளையாக இருப்பதை மட்டும் வாங்குங்கள், மஞ்சளானால் கசக்கும். அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் மரத்தூளை வெட்டிவிட்டு, கத்தியால் நறுக்காமல் கையால் நாராகக் கிழியுங்கள். பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிழிந்து, எண்ணெய் இல்லாத இரும்புத் தோசைக்கல்லில் போட்டுத் தண்ணீர் வற்றும் வரை வாட்டுங்கள். ஓரம் பொன்னிறமானதும் நெய்யோ வெண்ணெயோ விட்டு, உப்பும் மிளகும் கடைசியில் போட்டு இறக்குங்கள். உப்பை முதலிலேயே போட்டால் நீர் விட்டு வதவத என்று ஆகிவிடும். மேல்மலையிலிருந்து வந்த என் பங்குப் பந்தை இப்படித்தான் செய்தோம். நண்டு வறுவல் மாதிரி இருக்கிறது என்றாள் என் மகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதை நண்டுக்கும் இறாலுக்கும் பதிலாகச் சமைக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. காய்ந்த காளான் கிடைத்தால் சீனர்கள் செய்வதுபோல இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி இரண்டு தடவை வேகவைத்துக் கசப்பை எடுத்துவிட்டுக் கோழிச் சாற்றில் போட வேண்டும். எந்தப் புதுக் காளானையும்போல முதல் தடவை இரண்டு வாய் மட்டும். ஒரு சிலருக்கு அரிப்பு, மூச்சிரைப்பு வரலாம். வந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இனி மற்ற இரண்டு கேள்விகள்.

கேள்வி: எங்களுக்கு ஊட்டி பக்கத்தில் தேயிலைத் தோட்டம். நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. ஓக் மரத்தில் சிங்கப்பிடரிக் காளான் வளரும் என்கிறார்களே, இவற்றில் துளை போட்டு வித்து வைக்கலாமா?

பதில்: சில்வர் ஓக் என்பது பெயரில்தான் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். இருக்கிற நல்ல மரத்தில் துளை போட வேண்டாம், இது மரத்தின் உள்கட்டையை அரித்து வாழும் காளான். ஆனால் உங்கள் மலைக்குளிர் இதற்கு ஏற்றது. பெரிய ஏசி செலவு இல்லாமல் வளர்க்க முடிகிறவர்கள் தமிழ்நாட்டில் நீங்களும் கொடைக்கானல்காரர்களும்தான். மரத்தூள் பையில் சிறிய அளவில் தொடங்குங்கள். வித்து வாங்குமுன் ஊட்டி விடுதிகளில் இரண்டு சமையல்காரர்களிடம் பேசிவிடுங்கள். வாரத்துக்கு எத்தனை கிலோ எடுப்பார்கள் என்பது தெரிந்த பிறகு பைகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். பயிற்சிக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகக் காளான் பிரிவையோ, இமாச்சலப் பிரதேசம் சோலனில் உள்ள மத்திய அரசின் காளான் ஆராய்ச்சி இயக்குநரகத்தையோ கேளுங்கள்.

கேள்வி: பட்டுப்போன மாமரத்தில் மழைக்குப் பிறகு வெள்ளையாக, முள் முள்ளாக ஏதோ படர்ந்திருக்கிறது. பல் காளான் எல்லாமே சாப்பிடலாம் என்று ஒருவர் சொன்னார். மஞ்சள் போட்டு வேகவைத்து நிறம் மாறாவிட்டால் விஷமில்லை என்கிறார் என் பாட்டி. சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். மட்டையில் பட்டையாகப் படரும் முள் காளான்கள் எத்தனையோ உண்டு. அவை மரத்தை மக்கவைக்க வந்தவை, நமக்குக் கறி ஆக வந்தவை இல்லை. முள் இருப்பதால் மட்டும் எதுவும் உணவாகிவிடாது. பாட்டியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: மஞ்சள், பூண்டு, வெள்ளிக் கரண்டி, அரிசி எதுவும் காளான் விஷத்தைக் காட்டாது. ஆடு தின்றது, புழு அரித்தது என்பதும் சான்று இல்லை. வேகவைத்தாலும் கொடிய விஷங்கள் போகாது. தலைமுறை தலைமுறையாக உங்கள் ஊரில் அடையாளம் தெரிந்து எடுக்கும் புற்றுக்காளானைக்கூட, அடையாளம் தெரிந்தவர் கையால் எடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள். மழை பெய்ததும் வரப்பிலும் புல்தரையிலும் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு ஒன்று வரும். முற்றினால் அதன் அடி மடிப்பு பச்சை நிறமாகும். அதைச் சாப்பிட்டு வாந்தியும் பேதியுமாகப் படுத்தவர்கள் ஏராளம். அதைவிட மோசமானவை சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகித்தான் வேலையைக் காட்டும். வாந்தி நின்று நன்றாகிவிட்டது போலத் தோன்றும், அதற்குள் ஈரல் கெட ஆரம்பித்திருக்கும். காளான் சாப்பிட்டு வாந்தி வந்தால் நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சமிருக்கும் காளானைத் துணியிலோ காகிதத்திலோ சுற்றிக் கூடவே எடுத்துப்போங்கள். எந்தக் காளான் என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

ஒட்டன்சத்திரம் சகோதரியிடம் அந்த ஒப்பந்தத்தை ஒரு நகல் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்த வரிகளை எழுதும்வரை வரவில்லை. நகல் தர நிறுவனம் யோசிப்பதாக அவர் கணவர் சொன்னாராம். கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தை முன்கூட்டிப் படிக்கத் தரமாட்டோம் என்றால், மேலே நான் எழுதிய கேள்விகளைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மாமியாரைப் போன செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வந்ததும் சொல்கிறேன் என்றார். அடுத்த இதழில் பால் காளான் குடிலில் ஈ மொய்ப்பதைப் பற்றி மூன்று பேர் கேட்டதற்குப் பதில்.